பாடமும் ஊகமும்: இணையப் படிவ நிரல்களில் தேதி

தேதியை வாசிப்பதும் ஒருவகைப் பாட வாசிப்பே. இணையப் படிவங்களை இயக்கும் நிரல்கள் இவ்வாசிப்பை எத்துணைப் பொறுப்புடன் செய்கின்றன என்பது கணினித்துறைக்கு மட்டும் உரிய வினா அன்று.

திருப்பூரை அடுத்த மங்கலம், விசைத்தறியும் பின்னலாடைத் தொழிலும் சூழ்ந்த ஊர். அங்கு வேலைக்கு வரும் ஒருவர், ஆள்சேர்ப்புப் படிவத்தில் பிறந்த தேதியை 05/11/2006 என இடுவதாகக் கொள்ளலாம். தமிழக வழக்கில் அது நவம்பர் 5. ஆனால், பி.எச்.பி. மொழியில் தேதியை ஊகித்து வாசிக்கும் செயற்கூறு, சாய்வுக்கோட்டைக் கண்டால் அமெரிக்க முறையைக் கொண்டு மே 11 என்றே படிக்கும். 2024 ஜூலை 1 அன்று 17 வயதே ஆன அவர், பதிவேட்டில் 18 நிரம்பியவராகிவிடுவார். 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுக்கிறது. அத்தடை இங்கு ஒரு கோட்டினால் செயலிழக்கிறது. அதே எண்களை இடைக்கோட்டால் பிரித்து எழுதினால் நிரல் நவம்பர் 5 என்றே சரியாகப் படிக்கும்.

25/11/2006 என இட்டால் நிரல் ஏற்க மறுக்கும். பிழை உடனே தெரியும். நாள் எண் 12ஐத் தாண்டாதபோதுதான் பிழை ஓசையின்றி நுழைகிறது. ஆண்டில் அத்தகைய நாள்கள் 132.

ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் பதிப்பாசிரியரே ஊகித்தார். எனினும் உ.வே.சாமிநாதையர் போன்றோர் பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்தனர்; அதனால் அவர்தம் ஊகத்தைப் பின்வந்தோர் சோதிக்க முடிந்தது. நிரலோ ஊகித்த பாடத்தை மட்டும் சேமித்து மூலத்தை அழித்துவிடுகிறது. குறை ஊகத்தில் இல்லை. சுவடு அழிவதில்தான் உள்ளது.

எதிர்பார்க்கும் வடிவத்தை வெளிப்படையாகக் கூறி வாசிக்கும் வழியும் அம்மொழியில் உண்டு. ஆயினும் அதுவும் பிப்ரவரி 30ஐ மறுக்காமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். எச்சரிக்கையை நிரலர் தனியே கேட்டுப் பெறவேண்டும். உலாவியின் நாள்காட்டிப் புலம் மேலானது. திரையில் எவ்வாறு காட்டினும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் அது அனுப்பும். ஆனால் முழுத்தேதி இன்றி அது எதையும் ஏற்பதில்லை. பிறந்த ஆண்டையும் ஆடி மாதம் என்பதையும் மட்டுமே அறிந்த முதியவர் ஏதேனும் ஒரு நாளைத் தெரிவுசெய்தாக வேண்டும். அந்நாளே பின்னர் சான்றாகிவிடும். இட்டவாறே மூலத்தைக் காக்கும் ஒரு தனிப் புலத்தையும், 'நாள் தெரியாது' என்னும் தெரிவையும் சேர்ப்பது நிரலருக்குச் சில வரிகளே.