அடுத்தவர் அமர்வைக் கேட்பது

உளச்சிகிச்சை என்றதும் மூடிய கதவுதான் நினைவுக்கு வரும். அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்களின் கதைக்கும் ஏறக்குறைய நூறு வயதாகிறது. 1920களில் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லர் நடத்திய ஆலோசனை நிலையங்களில், முரண்டு பிடிக்கும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் அவர் பேசும்போது ஆசிரியர்கள் கூட உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வீட்டுச் சிக்கலைக் கேட்டால் பத்து வீட்டுக்கு வழி தெரியும் என்பது அவர் கணக்கு. ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் வந்ததும் அந்த நிலையங்கள் மூடப்பட்டன. அவருடைய சீடர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ் அந்த முறையைச் சிக்காகோவுக்குக் கொண்டுபோனார். பிற்பாடு நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ், வெள்ளிக்கிழமை இரவுகளில், பார்க்க வந்தவர்களையே மேடைக்கு அழைத்து ஆலோசனை சொன்னார்.

ஆனால் இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது மேடை அல்ல, ஒலிப்பதிவு. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ராஜர்ஸ் அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிந்தார். ஒரு தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும் என்பதால் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. 1942இல் வந்த அவருடைய நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்று புனைபெயர் சூட்டப்பட்டவரின் எட்டு அமர்வுகள் முழுமையாக அச்சேறின. அதுவரை உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சிகிச்சையாளரின் ஞாபகம்தான் சாட்சி. தட்டைப் போட்டுக் கேட்ட பயிற்சி மாணவர்கள் திகைத்தார்கள். பொறுமையாகக் கேட்டோம் என்று நம்பியிருந்தவர்கள், தாங்கள் எத்தனை இடத்தில் யோசனையைத் திணித்திருக்கிறோம் என்பதைத் தம் குரலிலேயே கேட்டார்கள். அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டு முதலில் பாடம் படித்தவர்கள் சிகிச்சையாளர்களே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1965இல் எவரெட் ஷோஸ்ட்ரம் தயாரித்த படம் இன்றும் வகுப்பறைகளில் ஓடுகிறது. குளோரியா என்ற பெண் ராஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், எல்லிஸ் என்ற மூன்று சிகிச்சையாளர்களிடமும் தனித்தனியாகப் பேசுகிறார். விவாகரத்தானவர், விவாகரத்துக்குப் பின் ஆண்களோடு உறவு உண்டா என்று கேட்ட மகளிடம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டார். நான் என்ன செய்யட்டும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் ராஜர்ஸ் பதில் தருவதில்லை. அவரே பதிலைக் கண்டடையும்வரை கூடவே வருகிறார். பெர்ல்ஸோ சண்டைக்கோழி. பயமாயிருக்கிறது என்கிறீர்கள், சிரிக்கிறீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். குளோரியாவுக்குக் கோபம் வருகிறது. எல்லிஸ் குளோரியாவைவிட அதிகமாகத் தாமே பேசித் தீர்க்கிறார். மகளிடம் உண்மை சொல்லலாமா என்பதற்கு இதில் விடை தேடுகிறவர் ஏமாறுவார். ஒரே மனுஷி மூன்று விதக் கேட்டலுக்கு மூன்று ஆளாக மாறுவதைக் காண்பதுதான் லாபம். இந்த லாபத்துக்கு விலை கொடுத்தவர் குளோரியா. பயிற்சிக்கென்று நம்பி நடித்துக்காட்டாமல் பேசிய பேச்சு, பொதுத் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் போய்விட்டது.

2017இல் எஸ்தர் பெரெல் தொடங்கிய பாட்காஸ்ட் இந்த விஷயத்தில் எச்சரிக்கையானது. பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க்கில் உளச்சிகிச்சை செய்யும் பெரெல், தம்பதிகளை ஒரே ஒரு முறை சந்திக்கிறார். பெயர் கிடையாது, முகம் கிடையாது, குரல் மட்டும். நடுநடுவே, ஏன் அந்தக் கேள்வியை அங்கே கேட்டேன் என்று நமக்குத் தனியே சொல்கிறார். என்னைக் கேட்டால் நிகழ்ச்சியின் உயிரே அந்த விளக்கங்கள்தான். குறை எடிட்டிங்கில் இருக்கிறது. மணிக்கணக்கில் நீளும் சந்திப்பைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது மௌனமும் சொன்னதையே சொல்லும் சுற்றலும். சிகிச்சையில் பாதி நேரம் அதில்தான் போகிறது. கேட்பவருக்கு, ஐந்தாவது நிமிடத்தில் அழுகையும் முப்பதாவது நிமிடத்தில் தெளிவும் வரும் என்ற நினைப்பு ஒட்டிக்கொள்கிறது.

குழுச் சிகிச்சையைப் பற்றி எழுதிய இர்வின் யாலோம், குணமாக்கும் காரணிகளில் ஒன்றாக, நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைவதைக் குறிப்பிட்டார். பாட்காஸ்ட் கேட்கும்போதும் அது நடக்கிறது. வெட்கம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் யாலோமின் குழுவில் கேட்பவரும் ஒரு நாற்காலியில் இருப்பார். அந்தக் கணவனைப் போலத்தான் என் வீட்டுக்காரரும் என்று ஒருவர் ஆரம்பித்தால், சரி, அந்த மனைவியைப் போல நீங்கள் எதில் என்று எதிரே இருப்பவர் மடக்குவார். பேருந்தில் இயர்போன் மாட்டியிருப்பவரை மடக்க ஆளில்லை. அத்தியாயம் முடிந்ததும் இப்படிக் கேட்பவர்களில் பலர் செய்வது, அதன் இணைப்பைத் துணைக்கு வாட்ஸப்பில் அனுப்புவது.