தீப்பெட்டி அடுக்கிலிருந்து பட்டைப்படம் வரை

பெற்றோர் கூட்டத்துக்காகத் தொடக்கப்பள்ளிக்குப் போகிறவர்கள் சுவரில் இருக்கும் ஓவியங்களின் முன்னால் நிற்பார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் வரைந்த பட்டை விளக்கப்படம் தொங்கும். அதைக் கடந்து போய்விடுவார்கள். அடுத்த முறை அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

கோவைப் பக்கத்து நான்காம் வகுப்பு ஒன்று, 'பள்ளிக்கு எப்படி வருகிறோம்?' என்று கணக்கெடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நடந்து 12 பேர், டவுன் பஸ்ஸில் 8, சைக்கிளில் 5, வேனில் 3. கண் முதலில் போக வேண்டியது பட்டைகளின் அடிக்கு. எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? அகலம் ஒன்றா? இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்ட நிறுத்தி உயரம் பார்க்கும்போது ஒருவரைத் திண்ணைமேல் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அடிக்கோடு மாறிய பட்டைகளும் அப்படித்தான்.

அடி ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்த உணர்வு தாளில் பிறப்பதில்லை. நல்ல ஆசிரியர் காலித் தீப்பெட்டியில் தொடங்குவார். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெட்டியில் பெயர் எழுதித் தனக்குரிய அடுக்கின்மேல் வைக்கும். அடுக்கு சாயும், மறுபடி அடுக்குவார்கள். "என்ற பெட்டி இதுலதானுங்க டீச்சர்" என்று தொட்டுக் காட்டுவார்கள். பிறகு பட விளக்கப்படம். பிறகு நான்கு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் நேர்க்கோட்டுக் குறி. கடைசியில்தான் கட்டம் போட்ட நோட்டில் பட்டை. அங்கே பெயர்கள் மறைந்துவிடுகின்றன, எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. எட்டு வயதில், ஒன்பது வயதில் இது பெரிய தாவல். தீப்பெட்டியைத் தவிர்த்து நேராகக் கரும்பலகையில் பட்டை போடும் வகுப்பில், பிள்ளைகள் கட்டங்களுக்கு வண்ணம் அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிட அழகான படி அளவுத்திட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர் என்றதும், சைக்கிளில் வருகிற ஐந்து பேருக்கு இரண்டரைக் கட்டம் வரும். "அரை ஆளு எப்படீங்க டீச்சர் வரும்?" இந்தக் கேள்வி எழுந்த வகுப்பில் பாடம் உயிரோடு இருக்கிறது. பாதியானது கட்டம்தான், ஆள் முழுசாகத்தான் இருக்கிறார் என்று இன்னொரு பிள்ளை சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.

பட்டைப்படத்துக்குப் பெரிய கணக்கு தேவையில்லை. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தார். அவர் கையில் ஓராண்டுக் கணக்கே இருந்தது. ஆண்டுகளை இணைத்துக் கோடு இழுக்க அது போதவில்லை. பட்டைக்கு அது போதும். வகுப்பறைக்கும் ஒருநாள் கணக்கு போதும்.

பெரிய வகுப்புக்கு மழை இருக்கிறது. மலைமேல் உள்ள வால்பாறைக்கும் கோவைக்கும் மாதவாரியாக, ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டு படங்கள். எண்களைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பாருங்கள். வால்பாறையில் ஜூன், ஜூலைப் பட்டைகள் ஓங்கி நிற்கும். கோவையில் அக்டோபர், நவம்பர்தான் தலைதூக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் கொட்டிவிட்டு வருவதால் கோவைக்கு மிச்சம் குறைவு. வடகிழக்குப் பருவமழையே இங்கே கைகொடுக்கிறது. காற்றை மறிக்கிற மலை படத்தில் இல்லை, ஆனால் தெரிகிறது.

பிள்ளையிடம் 'எது அதிகம்?' என்று கேட்காதீர்கள்; அது கண்ணுக்கே தெரியும். 'நடக்கிறவங்க பஸ்ஸுல வர்றவங்களைவிட எத்தனை பேர் அதிகம், கண்ணு?' என்று கேளுங்கள். விரல் ஒரு பட்டையின் உச்சியிலிருந்து பக்கத்துப் பட்டைக்கு மேலே உள்ள வெற்றிடத்துக்கு நகரும். அந்த நகர்வைக் கவனியுங்கள்.

சில படங்களில் 'ஆட்டோ' என்று அடியில் எழுதியிருக்கும், மேலே பட்டை இருக்காது. மறந்துவிட்டாயா என்றால், "யாருமே வரலீங்க, அதான்" என்று பதில் வரும்.