காரணம் சொல்லாத கையெழுத்து

மாநில மசோதாக்கள்மீது முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது. தமிழ்நாடு தொடுத்த வழக்கில் அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்பு வகுத்திருந்த மூன்று மாதக் கெடு அத்துடன் போயிற்று. இதை வரவேற்றவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: குடியரசுத் தலைவர் பதவியின் கண்ணியம் காப்பாற்றப்பட்டது, கட்சிச் சண்டைகளுக்கு மேலே அமைதியாக நிற்பதுதான் அந்தப் பதவியின் பலம். அந்த அமைதியைப் பலம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பிரதமரோடு போட்டி போடும் குடியரசுத் தலைவர் வேண்டாம் என்று அரசியல் நிர்ணய சபை எடுத்த முடிவு சரியானது. அமைச்சரவையின் ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர்தானா என்று 1960இல் ராஜேந்திர பிரசாத் பொதுமேடையில் எழுப்பிய கேள்வி எடுபடாமல் போனது நல்லதே. பாகிஸ்தானில் குலாம் இஷாக் கான் 1990இல் பேநசீர் அரசையும் 1993இல் நவாஸ் ஷெரீப் அரசையும் கலைத்ததுபோல எதுவும் இங்கே நடக்கவில்லை. பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றங்கள் அமைந்த 1990களிலும் ஆட்சி ஒழுங்காகக் கைமாறியது. இவையெல்லாம் பெரிய விஷயங்கள்தான்.

ஆனால் ஆலோசனைக்குக் கட்டுப்படுவது வேறு, கேள்வியே கேட்காமல் கையெழுத்திடுவது வேறு. அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்று 1976இல் 42ஆவது திருத்தம் கட்டிப்போட்டது. 1978இல் 44ஆவது திருத்தம் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்ப 111ஆவது பிரிவு முதலிலிருந்தே இடம் கொடுக்கிறது. இந்த இரண்டு வழிகளும் பயன்பட்ட தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1975 ஜூன் 25 இரவு அவசரநிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் விடிகாலையில். அந்த ஆண்டு டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம், குளியல் தொட்டியில் கிடந்தபடியே கையெழுத்திட்ட தாளைக் கதவிடுக்கில் நீட்டும் குடியரசுத் தலைவரைக் காட்டியது. அன்றிரவு ‘அமைச்சரவை கூடியதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காததால், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் அவசரநிலையைப் பிரகடனம் செய்யலாம் என்பதைப் பிறகு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

நம் எல்லோரின் அன்புக்கும் உரிய அப்துல் கலாமுக்கும் இது பொருந்தும். 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் தொலைநகலில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தே அவர் கையெழுத்திட்டார். அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பிற்பாடு அந்தக் கலைப்பைக் கண்டித்தது. பதவி விலக முடிவெடுத்துக் கடிதம் எழுதியதை 2012இல் வெளியான தன் நூலில்தான் அவர் சொன்னார். அவ்வளவு பெரிய மன வேதனை ஏழு ஆண்டுகள் மக்களுக்குத் தெரியவில்லை. விடியும்வரை காத்திருங்கள், காரணத்தை எழுதி அனுப்புங்கள் என்று அன்றிரவு அவர் கேட்டிருந்தால் எந்த மரபு உடைந்திருக்கும்? அடுத்த ஆண்டே ஆதாயப் பதவி மசோதாவை அவர் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது, அவரும் கையெழுத்திட்டார். ஆனால் இடைப்பட்ட நாட்களில் நாடே அதைப் பற்றிப் பேசியது. கேள்விக்கு இருக்கும் வலிமை அதுதான்.

2019 நவம்பர் 23 அதிகாலை, மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விடிவதற்குள் விலக்கிக்கொள்ளப்பட்டது. அமைச்சரவை கூடவில்லை, பிரதமரின் தனி அதிகாரத்துக்கு இடம் தரும் அலுவல் விதி பயன்பட்டது. 44 ஆண்டுகள் கழித்தும் அதே அவசரம், அதே மௌனம்.

வேறு மாதிரி நடக்க முடியும் என்று காட்டியவர் கே.ஆர். நாராயணன். 1997இல் உத்தரப் பிரதேசத்திலும் 1998இல் பீகாரிலும் மாநில ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். ஒன்றைக் குஜ்ரால் அரசு அனுப்பியது, மற்றதை வாஜ்பாய் அரசு அனுப்பியது. ஆகவே கட்சி பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. 1998இல் வாஜ்பாயை ஆட்சியமைக்க அழைத்தபோது, ஏன் அழைத்தேன் என்று அறிக்கை வெளியிட்டார். பதவியின் கண்ணியம் அதனால் குறைந்ததா? கூடியது.

மௌனத்தின் விலையைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி, 2019இல் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது. 2022இல் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய மசோதாவும் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீட் தேர்வை ஆதரிப்பவரும் இதை ஏற்கக் கூடாது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபைக்கு ‘முடியாது’ என்று சொல்பவர், ஏன் என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி 2014இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மூன்று குடியரசுத் தலைவர்கள் அந்தக் கோப்பைக் கண்டவர்கள். ஒருவரும் மக்களிடம் எதுவும் சொல்லவில்லை.

நல்ல காரியத்துக்கான மௌனமும் ஊனமானதே. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்திடாமல் வைத்திருந்தார். மக்களின் அந்தரங்கம் பிழைத்தது. ஆனால் எதிர்ப்பின் நியாயம் நாடாளுமன்றத்தின் முன் வரவேயில்லை.

அமைச்சரவை தந்த ஆலோசனையை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறதே 74ஆவது பிரிவு என்பார்கள். அந்தத் தடை நீதிமன்றத்துக்கு உரியது. முடிவுக்கான காரணத்தை நாட்டுக்குச் சொல்லக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. காரணம் சொன்னால் இன்னொரு அதிகார மையம் உருவாகிவிடும் என்பார்கள். உருவாகாது. கடைசிச் சொல் எப்போதும் அமைச்சரவையுடையது, நாடாளுமன்றத்துடையது. கேட்டவர் அடுத்த முறை கையெழுத்திட்டே தீர வேண்டும். இத்தனை காவலுக்குப் பிறகும் ஒரு கேள்வியைக் கண்டு அஞ்சும் அரசு, தன் முடிவின்மீதே நம்பிக்கை இல்லாத அரசு.

இதற்குப் புதிய சட்டத் திருத்தம் தேவையில்லை. திருப்பி அனுப்பும்போதும் ஒப்புதல் மறுக்கும்போதும், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி உரிய சபையின் மேசையில் வைக்கலாம். ஆறு மாதத்துக்குமேல் நிலுவையில் உள்ள மசோதாக்களின் பட்டியலைக் குடியரசுத் தலைவர் மாளிகையே வெளியிடலாம். காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்றால், அந்தக் கெடுவைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் பொறுப்பு குடியரசுத் தலைவருக்கு இரட்டிப்பாகிறது. அதைச் செய்யாதவரை, அந்தப் பதவியின் அமைதியைக் கண்ணியம் என்று புகழ்வது குடிமக்களாகிய நாம் நம் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும்.