ஒலி ஒளிகளும் நாத விந்துக்களும்

சைவ சித்தாந்தத்தை இக்காலப் பௌதிக நூலோடு ஒப்பிட்டுப் பேசுவாருட் சிலர், நாதமென்பது ஒலி, விந்துவென்பது ஒளி, அவ்விரண்டும் ஒருங்கு கூடியதே மந்திரம், ஆதலின் அது ஒளியினும் விரைந்து சென்று பயன் தரும் என்று கூறுப. கேட்பார்க்கு இனிமை பயப்பதும் சமயப் பற்றுடையார் ஆராயாது ஏற்றுக்கொள்ளுதற்கு எளியதுமாகிய இக்கூற்று, பௌதிக நூலுக்கும் பொருந்துவதன்று, சாத்திரத்திற்கும் பொருந்துவதன்று. இரு நூல்களின் பெயராலும் சொல்லப்படுதலின் இருவழியானும் அதனை ஆராய்தல் கடனாம்.

இக்கூற்றினுள் மூன்று பகுதிகள் உள. ஒலியும் ஒளியும் கூடின் விரைவு மிகும் என்பது ஒன்று. ஒளியினும் விரைந்து செல்லும் பொருள் உண்டு என்பது மற்றொன்று. நாத விந்துக்கள் செவிக்கும் கண்ணுக்கும் புலனாகும் ஒலி ஒளிகளே என்பது பிறிதொன்று. அவை முறையே ஆராயப்படும்.

ஒலியாவது காற்று, நீர், இரும்பு முதலிய பொருள்களின் அணுத்திரள்கள் அடுத்தடுத்து அசைதலால் நிகழும் அலை. அசைதற்குரிய பொருள் இல்வழி ஒலியும் இல்லை. ஒளியோ மின்காந்த அலையாகலின் வெற்றிடத்தினும் செல்லும். 20 பாகை வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்லும். மின்னலைக் கண்டபின் இடியோசையைக் கேட்டற்கு ஒரு கிலோமீட்டர்த் தொலைவிற்கு ஏறக்குறைய 3 விநாடி கழிதல் யாவரும் அறிந்ததே.

அற்றாயின் ஒலியை ஒளியொடு கூட்டுதல் இயலாதோ எனின், இயலும், இயற்றியும் உள்ளனர். 1880-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார், மெல்லிய ஆடியொன்றின் பின்புறத்தே பேச்சொலி தாக்கும்படி செய்து, அவ்வாடியிற் பட்டுத் திரும்பிய ஞாயிற்றொளியில் அவ்வதிர்ச்சியை ஏற்றினார். இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் செலினியம் என்னும் பொருளால் அவ்வொளியை ஏற்று மீண்டும் பேச்சாக்கிக் கேட்டனர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் அவர்தம் மாணவர் நாகேந்திரநாதரும், திரவத்தினூடே செல்லும் நுண்ணொலி அலைகள் ஒளிக்கற்றையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் முறையை 1935, 1936-ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலிருந்து விளக்கினர். ஒலியின் அதிர்வெண் ஒளியின் அதிர்வெண்ணிற் சிறிது மாற்றம் விளைத்தலும் அவ்விளக்கத்தால் அறியப்படும். எனினும் இவ்விரண்டிடத்தும் மாறியது ஒளியின் திண்மையும் திசையும் அதிர்வெண்ணுமேயன்றி, அதன் விரைவு ஒலியால் மிக்கதில்லை.

வானொலியில் 3,000 கிலோமீட்டர்க்கு அப்பாலிருப்பான் ஒருவன், பேசுவானுக்கு முப்பது மீட்டர்த் தொலைவில் அவையின் கடைசியில் இருப்பானினும் முன்னரே அப்பேச்சைக் கேட்டல் கூடுமன்றோ எனின், கூடும். முன்னவனுக்கு அலை சென்று சேர விநாடியின் நூற்றிலொரு பங்கே ஆகும்; பின்னவனுக்கோ அதனினும் எட்டு மடங்கிற்கு மேலாம். ஆயினும் ஆண்டு விரைந்தது ஒலியன்று. ஒலி மின்னலையாக மாற்றப்பட்டு, அவ்வலை தனக்குரிய விரைவிற் சென்று, மீண்டும் ஒலியாயிற்று. தேரில் ஏறிச் சென்றவன் விரைந்து சேர்ந்தான் என்பதனால் அவன் கால்கள் தேரை வென்றன என்பது பெறப்படாது.

இனி, விரைவொடு விரைவைக் கூட்டினால் மிகுமன்றோ என்பார்க்கு விடை 1851-ஆம் ஆண்டிலேயே கிடைத்துளது. பிரெஞ்சு நாட்டுப் பிசோ என்பார் ஓடும் நீரினூடே ஒளியைச் செலுத்தி நோக்கியபோது, நீரின் விரைவு முழுவதும் ஒளியின் விரைவொடு சேரவில்லை. அதன் ஒரு பகுதியே சேர்ந்தது. 1905-இல் ஐன்ஸ்டைன் வகுத்த விதியின்படி கணக்கிடின் அப்பகுதியின் அளவு பொருந்துகின்றது. அவ்விதியின்படி எவ்விரு விரைவுகளைக் கூட்டினும் கூட்டுத்தொகை வெற்றிடத்து ஒளியின் விரைவைக் கடவாது. ஆகவே முதற்பகுதி நில்லாதென்க.

இரண்டாம் பகுதியை நிறுவுவார் காட்டும் சான்றுகள் சில. நீரினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டரே செல்லும். ஆண்டு அதனினும் விரைந்தோடும் மின்னணுக்கள் நீல ஒளி வீசுதலை உருசிய நாட்டுச் செரென்கோவ் 1934-இல் வெளியிட்டார். இது நீரிற் குறைந்த ஒளி விரைவைக் கடந்ததேயன்றி, வெற்றிடத்து ஒளி விரைவைக் கடந்ததன்று. திங்களின்மேற் படுமாறு ஒரு விளக்கைத் திருப்பின், அதன் ஒளிப்புள்ளி அம்மண்டிலத்தின்மேல் ஒளியினும் விரைந்து ஓடுவதாகத் தோன்றுதல் கூடும். ஆயினும் ஆண்டு ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு ஓடிய பொருள் ஒன்றுமில்லை. விளக்கினின்று புதிது புதிதாக வந்த ஒளியே வெவ்வேறிடத்துப் பட்டது. ஒளியினும் விரைவனவாகிய துகள்கள் உளவாதல் கூடுமோ என்று இந்திய அறிஞர் சுதர்சன் முதலிய மூவர் 1962-இல் கணித நெறியால் ஆராய்ந்தனர். பின்னர் டாக்கியான் என்று பெயர் பெற்ற அத்துகள் இன்றுகாறும் காணப்பட்டிலது. கருதத் தகுவது வேறு, உள்ளது வேறு என்பது அளவை நூல் கற்றார்க்குப் புதிதன்று.

இவையெல்லாவற்றினும் கருதத்தக்கது 2011-ஆம் ஆண்டு நிகழ்ச்சியாம். சுவிட்சர்லாந்து நாட்டுச் செர்ன் நிலையத்தினின்று விடுக்கப்பெற்ற நியூட்ரினோத் துகள்கள், ஏறத்தாழ 730 கிலோமீட்டர்த் தொலைவில் இத்தாலி நாட்டுக் கிரான் சாசோ மலையடியிலுள்ள ஒபேரா என்னும் கருவியிடத்துக்கு, ஒளி வரவேண்டிய காலத்தினும் 60 நானோ விநாடி முந்தி வந்தன எனக் கணக்கு வந்தது. ஒரு விநாடியை நூறு கோடி கூறாக்கின் அதில் ஒரு கூறே நானோ விநாடியாம். அவ்வாராய்ச்சியாளர் அதனை வெற்றியாகப் பறைசாற்றாது, பிழையுளதேற் காட்டுக என்று உலகத்து அறிஞர்முன் வைத்தனர். 2012-இல், ஒளியிழைக் கம்பியொன்று செவ்வனே பொருத்தப்படாமையும் கடிகாரப் பிழையொன்றும் கண்டறியப்பட்டன. அம்மலையடியில் உள்ள பிற கருவிகளால் மீண்டும் அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை.

சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிற் காட்சியை ஆராயுங்கால் ஐயக் காட்சியும் திரிவுக் காட்சியும் பிரித்து ஓதப்பட்டன. ஒபேராவிற் கண்டது திரிவுக் காட்சி. அதனை உடனே மெய்யெனக் கொள்ளாது ஐயத்தில் நிறுத்தி ஆராய்ந்தமையே அவ்வறிஞர்க்குப் பெருமை தந்தது. 2011-இல் அச்செய்தியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒருவர் ஆகமத்திற்கு அரண் கட்டியிருப்பின், 2012-இல் அவ்வரண் இடிந்திருக்கும். இடிந்த பழியோ கட்டினாரைச் சாராது ஆகமத்தைச் சாரும்.

2017 ஆகஸ்டு 17-இல், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதனால் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 விநாடி இடையீட்டில் நிலவுலகை அடைந்தன. அத்துணைப் பெரிய வழியில் இத்துணைச் சிறிய வேற்றுமையே காணப்பட்டமையின், ஈர்ப்பலையும் ஒளியின் விரைவே உடைத்தென்பது வலியுறுகின்றது. ஆகலின் ஒளியை முந்தும் பொருள் ஒன்று உண்டென்பது இதுகாறும் எவ்வகை அளவையானும் நிறுவப்பட்டிலது.

இனி மூன்றாம் பகுதி. முப்பத்தாறு தத்துவங்களுள் நாதமும் விந்துவும் சுத்தமாயையிற் றோன்றும் சிவதத்துவம் ஐந்தனுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவன. செவிக்குப் புலனாகும் சத்தமும் கண்ணுக்குப் புலனாகும் உருவமும் தன்மாத்திரைகளாய், ஆன்ம தத்துவம் இருபத்து நான்கனுள் அடங்குவன. இவ்விரு திறத்திற்கும் இடையே வித்தியா தத்துவம் ஏழும் நிற்கின்றன. மேலுள்ளதனைக் கீழுள்ளதனொடு ஒன்றெனக் கூறின், தத்துவங்களை முறைப்படுத்தி ஓதியதனாற் பயன் இன்றாம். சிவலிங்கத் திருமேனியில் இலிங்கத்தை நாதமாகவும் பீடத்தை விந்துவாகவும் கொள்ளுதல் மரபு. ஆண்டு வழிபடுவோன் கருதுவது காதிற்படும் ஓசையையும் கண்ணிற்படும் வெயிலையும் அன்று.

நாதத்தின் வழிப்பட்டதாகிய வைகரி செவியிற் கேட்கப்படுகின்றதே எனின், அற்றன்று. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் பொருளுணர்த்தும் சொல்லைப் பற்றியன. பொருளுணர்த்தும் அவ்வாற்றல் சுத்தமாயையின்பாற் படும். அது வெளிப்படுதற்குத் துணையாய் நின்ற காற்றின் அசைவே 343 மீட்டர்க் கணக்கிற்குள் அகப்படும். பொருள் தெரியாத மொழியை ஒருவன் கேட்டவழி ஓசை அவன் செவியை எட்டிற்று, சொல் எட்டிற்றில்லை. எனவே இரண்டும் வேறாதல் காண்க.

மந்திரம் ஒலியின் விரைவாற் பயன்படுவதாயின், உரக்கக் கணித்தலே சிறந்ததாதல் வேண்டும். ஆகமங்களோ செபத்தை வாசகம், மந்தம், மானதம் என மூன்றாக்கி, ஓசையே எழாத மானதத்தைத் தலையாயதாக விதித்தன. ஓசை இல்வழி ஓசையின் விரைவும் இல்லை. ஆதலின் மந்திரப் பயன் ஒலி விரைவால் வருவதெனக் கூறுவார், தாம் காக்கப் புகுந்த ஆகமத்தைத் தாமே மறுத்தாராவர்.

திருவருளைப் பேரொளியென்று அருளாளர் கூறுதல் கொண்டு அதற்கு விரைவு கற்பிப்பாரும் உளர். உவமை ஒருபுடை ஒப்புமை பற்றி வருவது. இருளை நீக்குதலாகிய ஒரு தன்மையே ஆண்டுக் கொள்ளத்தக்கது. ஆணவத்தை இருளென்றமையால் அதன் நிறத்தை ஆராய்வார் இல்லை. அதுபோலத் திருவருளை ஒளியென்றமையால் அதன் விரைவை ஆராய்தலும் ஏலாது.

அன்றியும், செல்லுதலென்பது ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்தை அடைதல். எங்கும் நிறைந்த முதற்பொருளுக்கு விடத்தக்க இடமும் இல்லை. புதிதாக அடையத்தக்க இடமும் இல்லை. அதற்கு விரைவு கூறுதல், அது சிலவிடத்து இல்லையென்று கூறியதாய் முடியும். விநாடிக்கு எத்துணைக் கோடி மீட்டர் என்று கூறினும், அத்துணைத் தொலைவிற்கு அப்பால் அந்த விநாடியில் அது இல்லையென்பது பெறப்படும். ஒளியினும் விரைந்ததென்று இறைவனைப் புகழப் புகுந்தார், அவனது வியாபகத்தையே மறந்து இகழ்ந்தாராவர். விரைவிற்கு வரம்பு உண்டு என்று பௌதிக நூல் கூறுதலால் சித்தாந்தத்திற்கு யாதோர் இழுக்கும் இல்லை. அவ்வரம்பு இடம் விட்டு இடம் பெயரும் பொருள்களுக்கே உரியது.

பௌதிக நூலைக் கற்றல் சைவர்க்கு ஆகாதென்பது இதன் கருத்தன்று. கற்போர் அதனை அதன் அளவையாற் கற்க. சாத்திரத்தைச் சாத்திர அளவையாற் கற்க. ஒன்றன் புகழை மற்றொன்றற்கு இரவல் வாங்குதலால் இரண்டிற்கும் ஊறு விளைதலை அறிஞர் ஓர்ந்து கொள்வாராக.