தொலைந்துபோன தவ்பாப் பத்திரம்

மறுமை நாளின் வெயிலில் ஒரு கிழவர் நிற்கிறார். அலெப்போ நகரத்தவர், இலக்கணமும் கவிதையும் கரைத்துக் குடித்தவர். தான் பாவங்களை விட்டு இறைவனிடம் மீண்டதற்கு, அதாவது தவ்பா செய்ததற்கு, அத்தாட்சியாகக் கையில் ஒரு பத்திரம் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரே சச்சரவு. தங்கள் வரிகளைத் தப்பாக வாசித்துவிட்டதாகப் பழைய கவிஞர்கள் ஓர் இலக்கண அறிஞரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடிக்கிறார்கள். கிழவரால் சும்மா இருக்க முடியவில்லை, போய்த் தலையிடுகிறார். சண்டை அடங்கியபின் பார்த்தால் பத்திரத்தைக் காணவில்லை.

இந்தக் காட்சியை எழுதியவர் அபுல் அலா அல் மஅர்ரி (973–1057). சிரியாவின் மஅர்ரத்துன் நுஃமான் என்ற ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். அவருடைய ‘ரிசாலத்துல் குஃப்ரான்’, தமிழில் சொன்னால் ‘மன்னிப்பு மடல்’, 1033 அளவில் எழுதப்பட்டது. கெர்ட் யான் வான் கெல்டர், கிரெகோர் ஷோலர் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013, 2014 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அறபு மூலத்துடன் வெளிவந்தது. அறபு தெரியாத நான் வாசித்தது அதைத்தான்.

இந்த நூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தாந்தேயில் போய் முடியும். ஸ்பானிய அறிஞர் மிகேல் அசின் பலாசியோஸ் 1919இல் தாந்தேக்கு இஸ்லாமிய மூலங்கள் உண்டு என்று வாதிட்டதிலிருந்து, மஅர்ரி யாரோ ஒருவருக்கு முன்னோடி என்ற அளவிலேயே அறியப்படுகிறார். இன்னொரு சாரார் அவரை மறுமையையே கேலி செய்த நாத்திகராகக் கொண்டாடுகிறார்கள். இரண்டுமே நூலின் மையத்தைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம். இந்த நூல் மன்னிப்பைக் கேலி செய்யவில்லை. மன்னிப்பைத் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதாக நினைக்கும் மனிதரைத்தான் கேலி செய்கிறது.

அந்த மனிதர் கற்பனைப் பாத்திரம் அல்ல. இப்னுல் காரிஹ் என்ற அலீ இப்னு மன்சூர், மஅர்ரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்நூல். அவருடைய கடிதமும் முதல் தொகுதியின் தொடக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. எழுபதைக் கடந்த இப்னுல் காரிஹ் தன் இளமைக் களியாட்டங்களை எண்ணி வருந்துகிறார், முதுமையைச் சொல்லிப் புலம்புகிறார். அல் ஹல்லாஜ், பஷ்ஷார் என்று சமயப் பிறழ்வாளர்களாகக் கருதப்பட்டவர்களைப் பட்டியலிட்டுத் திட்டுகிறார். இடையில் இன்னொரு விஷயமும் ஓடுகிறது. எகிப்தில் அல் மக்ரிபி குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். 1010 அளவில் கலீபா அல் ஹாக்கிம் அந்தக் குடும்பத்தைக் கொன்றழித்தபோது மகன் அபுல் காசிம் தப்பினார். அந்த மாணவரையே பின்னாளில் வசைபாடியவர் இப்னுல் காரிஹ். அபுல் காசிமோ மஅர்ரியின் நண்பர். நன்றிகெட்டவன் என்ற பெயர் மஅர்ரியின் காதுவரை போயிருக்கிறதே என்ற கவலைதான் கடிதத்தை எழுதவைத்திருக்கிறது.

ஆகவே அது பாதி பாவ வருத்தம், பாதி வழக்குரை. இஸ்லாமிய மரபில் தவ்பாவுக்கு அறிஞர்கள் சொல்லும் நிபந்தனைகள் தெளிவானவை: பாவத்தை விடவேண்டும், மனதார வருந்தவேண்டும், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளவேண்டும். குற்றம் இன்னொரு மனிதருக்கு இழைக்கப்பட்டது என்றால் நான்காவது ஒன்றும் உண்டு. அவருடைய உரிமையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அவரிடமே மன்னிப்புப் பெறவேண்டும். இப்னுல் காரிஹ் கடிதம் எழுதிய காலத்தில் அபுல் காசிம் உயிரோடு இல்லை, 1027இல் இறந்துவிட்டார். முதல் மூன்றும் கிழவருக்கும் இறைவனுக்கும் இடையிலானவை. நான்காவதுக்கு உரியவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

மஅர்ரி இதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. உங்கள் கடிதம் அவ்வளவு அழகு, அதற்காகவே உங்களுக்குச் சுவர்க்கம் கிடைக்கும் என்று புகழ்ந்து தொடங்கி, கிழவரைக் கற்பனையில் அங்கே அனுப்பிவிடுகிறார். அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைக் கிழவர் சொல்லக் கேட்கும்போதுதான் கூர் தெரிகிறது. வெயில் தாங்காமல் வாயில் காவலரான வானவர் ரிழ்வானைப் புகழ்ந்து கவிதை கட்டுகிறார். கவிதை என்றால் என்னவென்றே வானவருக்குத் தெரியவில்லை. அடுத்த காவலரிடம் போகிறார், அங்கும் அதே கதை. அலீ அவர்களிடம் முறையிட்டால், பத்திரம் இல்லாவிட்டால் சாட்சி உண்டா என்று கேட்கப்படுகிறது. அலெப்போவின் காஜி ஒருவர் கூப்பிடப்படுகிறார். கடைசியில் நபிகளாரின் மகள் ஃபாத்திமா அவர்களின் பரிவு கிடைத்து, சிராத் பாலத்தைக் கடந்து வாயிலுக்கு வந்தால், ரிழ்வான் மறுபடியும் அனுமதிச் சீட்டு எங்கே என்கிறார். நபிகளாரின் மகன் இப்ராஹீம் திரும்பிவந்து அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதிக்கு உரை தேவையில்லை. உறுதிப்படுத்திய பிரதி, சாட்சிக் கையொப்பம், இந்த மேசை இல்லை அடுத்த மேசை என்ற பதில், எல்லாம் முடிந்தபின் வாசலில் கேட்கப்படும் இன்னொரு தாள்: எல்லாம் நாம் பார்த்ததுதான். ஆனால் சிரித்துவிட்டுப் போனால் ஒரு சிறு விவரம் தப்பிவிடும். நபிகளார் பரிந்துரைக்குமுன் கிழவரின் செயல்களை மூலப் பதிவேட்டில் தேடச்சொல்கிறார். அங்கே அது தவ்பாவால் முத்திரையிடப்பட்டு இருக்கிறது. தொலைந்தது மனிதர் கையிலிருந்த தாள் மட்டுமே. இறைவனிடம் இருந்த கணக்கு தொலையவில்லை. மஅர்ரியை வெறும் மறுப்பாளராக வாசிப்பவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தமிழில் மறுமையைப் பாடிய மரபு பழையது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’வில் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகளாரிடம் கேட்கும் கேள்விகளில் சுவர்க்கமும் நரகமும் வருகின்றன. அங்கே கேள்வி, அந்த உலகில் என்ன இருக்கிறது என்பது. மஅர்ரியின் கிழவர் சந்திக்கும் கவிஞர்களிடம் கேட்பதோ, உனக்கு எதனால் மன்னிப்புக் கிடைத்தது என்பது. விடைகள் எல்லாம் வியப்பானவை. இஸ்லாத்துக்கு முந்திய ஸுஹைர், இறைவனிடம் எதையும் மறைக்க முடியாது என்று பாடியவர் என்பதால் உள்ளே இருக்கிறார். அபீத் நரகத்தில்தான் கிடந்தார். இறைவனிடம் கேட்பவன் ஏமாறுவதில்லை என்ற கருத்தில் அவர் பாடிய ஒரு வரி உலகமெங்கும் ஓதப்பட ஓதப்பட, வேதனை குறைந்து குறைந்து விடுதலையானார்.

எல்லாரிலும் எனக்குப் பெரியவராகப் படுபவர் ஹுதைஆ. பயங்கரமான வசைக்கவி. சுவர்க்கத்தின் ஓரத்தில், ஒளி குறைந்த இடத்தில், வறண்ட மரமொன்றின் பக்கத்தில் ஒரு குடிசை அவருக்கு. உண்மை பேசியதற்காக அது கிடைத்தது என்கிறார். என்ன உண்மை? தன் முகம் அசிங்கமானது என்று தன்னையே வைத்துப் பாடிய வசை. ஊரைத் திட்டிய நாக்கு ஒருமுறை தன்மேல் திரும்பியது, அந்த ஒருமுறைக்கு ஒரு குடிசை. இப்னுல் காரிஹ் இதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். கதை முழுக்க அவர் கவிஞர்களை விசாரிக்கிறார், சொற்களின் பொருளைக் கேட்கிறார், நரகத்தை எட்டிப் பார்க்கிறார். அபுல் காசிமை மட்டும் அவர் தேடுவதில்லை. மஅர்ரி இதைக் குறிப்பிட்டு ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் நூலின் மிகக் கடுமையான விமர்சனம் அந்த மௌனம்தான் என்பது என் வாசிப்பு.

நரகக் காட்சியில் பஷ்ஷார் இருக்கிறார். பிறவிக் குருடரான அவருக்கு வேதனையைப் பார்ப்பதற்காகவே கண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பார்வையற்ற ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது நெஞ்சை உறுத்தும். ஆனால் இரண்டாம் தொகுதியில் மஅர்ரி பின்வாங்குகிறார்: அவர் நரகவாசி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இறைவன் நாடினால் என்றுதான் சொன்னேன், இறைவன் பொறுமையும் கொடையும் உள்ளவன் என்ற கருத்தில். கிழவரின் கடிதத்தில் நரகத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் பட்டியலுக்கு இதுவே பதில். 2013இல் மஅர்ரத்துன் நுஃமானில் ஆயுதக் குழுவினர் மஅர்ரியின் சிலையின் தலையைத் துண்டித்தார்கள். அவர் சொல்லத் தயங்கிய தீர்ப்பை அவர்கள் அவர்மேலேயே தயங்காமல் சொன்னார்கள்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. அகராதி விசாரணைகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. சுவர்க்க விருந்துகள் ஒரு கட்டத்துக்குமேல் சலிப்பூட்டுகின்றன. இரண்டாம் தொகுதிக்கு நிறையப் பொறுமை வேண்டும். முதல் தொகுதியை மட்டுமாவது வாசிக்கலாம். அறபும் தமிழும் ஒருசேர அறிந்த ஆலிம்கள் நம்மிடையே பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஹுதைஆவின் குடிசைப் பகுதியையாவது மூலத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்தால் நல்லது. இறந்துபோனவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வி, ஊரைவிட்டு வந்து, இழவுச் செய்திகளைத் தொலைபேசியில் கேட்கும் நம்மில் பலருக்கும் உரியது. மஅர்ரி அதற்கு விடை தரவில்லை. பத்திரம் ஒன்று அதற்கு விடையாகாது என்பதை மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.