பலகை இல்லாத வாசல்: துப்பாக்கி, அரிவாள், கடை – சில குறிப்புகள்

2013 செப்டம்பர் 17 அன்று ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். கடைக்குள்ளும், வாசலில் போட்டிருக்கும் நாற்காலிகளிலும் துப்பாக்கியோடு வந்து உட்கார வேண்டாம் என்பதுதான் செய்தி. கடிதத்தில் ஒரு இடம் கவனத்திற்குரியது. இது தடை அல்ல, வேண்டுகோள் என்று அவர் வெகு ஜாக்கிரதையாகப் பிரித்துச் சொல்கிறார். தடை என்று போட்டால் அதை அமல்படுத்த வேண்டியவர் காப்பி கலக்கும் ஊழியர். ஆயுதத்தோடு நிற்கிற ஆளிடம் போய் 'வெளியே போங்க' என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். முதலாளியின் ஆணை எப்போதுமே கூலிக்காரனின் உடம்பு வழியாகத்தான் நடந்து வருகிறது என்பதை ஒரு முதலாளியே எழுத்தில் ஒப்புக்கொண்ட அபூர்வமான பிரதி அது.

சோழவந்தானில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் காப்பிக்கடைப் பலகையைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். துப்பாக்கி எனக்கு முக்கியமில்லை. ஒரு கடையின் வாசலில் யாரை நோக்கி என்ன எழுதப்படுகிறது, எழுதப்படாமலேயே யார் தடுக்கப்படுகிறார்கள் என்பது முக்கியம். அதை வாசிக்கத் துப்பாக்கிக்காரர்களின் கோபம் நல்ல பிரதியாக இருக்கிறது.

முதலில் அந்தக் கோபம். கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2013 ஆகஸ்ட் 9 அன்று, துப்பாக்கி உரிமைக்காரர்கள் அதே நிறுவனத்துக்குப் 'பாராட்டு நாள்' கொண்டாடினார்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தால் நாங்களும் அனுமதிப்போம் என்று அதுவரை நிறுவனம் இருந்துவந்ததற்கான நன்றி. இடுப்பில் துப்பாக்கி, கையில் காப்பிக் கோப்பை. நியூடவுன் ஊரில் இருக்கும் கிளைக்கும் போவதாக இருந்தார்கள். 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பள்ளி ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது. நிறுவனம் அன்று அந்தக் கிளையை முன்கூட்டியே பூட்டிவிட்டது. அடுத்த மாதம் கடிதம் வந்தது. பாராட்டியவர்களே துரோகம் என்றார்கள்.

இதன்பிறகு இதே கதை பல கடைகளில் நடந்தது. 2014-இல் சிபோட்லே உணவகமும் டார்கெட் கடைகளும் இதே மாதிரி வேண்டுகோள் விடுத்தன. 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாஸோ வால்மார்ட்டில் நடந்த படுகொலைக்குப் பின் வால்மார்ட்டும் செப்டம்பரில் கேட்டுக்கொண்டது. துப்பாக்கிக்காரர்களின் எதிர்வினை ஒரே குரலாக இல்லை. 'எங்க துப்பாக்கி வேண்டாம்னா எங்க காசும் வேண்டாம்' என்று அச்சடித்த அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறுகிறவர் ஒரு வகை. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனால் எவனுக்குத் தெரியும் என்று சிரிக்கிறவர் இன்னொரு வகை. சுவாரசியமானவர் மூன்றாமவர். தனிச்சொத்து புனிதம், கடைக்காரன் தன் கடையில் எதையும் விலக்கலாம் என்று காலமெல்லாம் பேசி வந்தவர் அவர். தன் ஆயுதம் விலக்கப்படும்போது அவருடைய இரண்டு சாமிகளும் சண்டை போட்டுக்கொள்கின்றன. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை, காப்பிக்கடையை அல்ல. அது தெரிந்தும் 'என் உரிமையைப் பறிக்கிறார்கள்' என்ற வாக்கியம் அவர் வாயில் வந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 2014-இல் டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியக் கொண்டுபோகத் தடை இருந்தது, நீள் துப்பாக்கிக்குத் தடை இல்லை. ஆகவே சிலர் போர்க்களத்து ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குச் சாப்பிடப் போனார்கள். துப்பாக்கிக்காரர்களின் தாய்ச் சங்கமான தேசிய ரைபிள் சங்கமே இது விநோதமாக இருக்கிறது என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. உறுப்பினர்கள் கொதித்தார்கள். சில நாளில் அது தவறுதலாக வந்தது என்று பின்வாங்கியது. பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஆயுதத்தைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. காட்டப்படுவது ஆயுதம் அல்ல, குறி. அதைப் பார்க்க ஒருவன் வேண்டும், பார்த்துப் பேசாமல் இருக்கவும் வேண்டும்.

இங்கே அல்தூஸரை நினைத்துக்கொள்ளலாம். தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்த நொடியில் அதிகாரத்தின் தன்னிலையாக ஆகிறான் என்பார் அவர். நம் இலக்கணத்தில் இதற்கு விளி என்று பெயர், எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியர் விளிமரபில் ஒரு காரியம் செய்கிறார். விளி கொள்ளும் பெயர்கள் என்றும் விளி கொள்ளாப் பெயர்கள் என்றும் பிரிக்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதை நாங்கள் மார்க்குக்காக உருப்போட்டோம். கடைப்பலகையும் ஒரு விளிதான். 'துப்பாக்கியோடு வருகிறவரே, தயவுசெய்து' என்று அது கூப்பிடுகிறது. டெக்சாஸ் சட்டம் இந்த விளிக்கு எழுத்து அளவு வரை விதித்திருக்கிறது. ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்து, ஆங்கிலமும் ஸ்பானிஷும், பளிச்சென்று தெரியும் நிறம். அப்படி எழுதாவிட்டால் துப்பாக்கிக்காரரைக் குற்றம் சொல்வது கஷ்டம். அவரைத் தடுப்பதற்கு முன் அவருக்கு முறைப்படி சொல்ல வேண்டும். இவ்வளவு மரியாதையோடு விலக்கப்படுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

பலகை இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பலகை இல்லையென்றால் வரலாம் என்று அர்த்தம். ஹவாய் 2023-இல் இதைத் திருப்பிப் போட்டது. கடைக்காரர் வெளிப்படையாக 'வரலாம்' என்று சொன்னாலொழியத் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. இதை எதிர்த்த வழக்கை விசாரிக்க 2025 அக்டோபரில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒத்துக்கொண்டது. மௌனம் சம்மதமா இல்லையா என்பதற்கு ஒரு உச்சநீதிமன்ற வழக்கு.

விளி கொள்ளாப் பெயர்களுக்கு இப்போது வரலாம். 2014 ஆகஸ்ட் 5, ஒஹையோ மாநிலம் பீவர்கிரீக் ஊர் வால்மார்ட். ஜான் க்ராஃபோர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் கடைக்குள் போனில் பேசியபடி நடக்கிறார். கையில் ஒரு காற்றுத்துப்பாக்கி. வெளியிலிருந்து கொண்டுவந்ததல்ல, அந்தக் கடையின் அலமாரியில் விற்பனைக்கு இருந்தது. ஒஹையோவில் நிஜத் துப்பாக்கியையே வெளியே தெரியக் கொண்டுபோகலாம். இன்னொரு வாடிக்கையாளர் போலீசுக்குப் போன் செய்கிறார். வந்த போலீஸ் சுட்டது. அவர் இறந்துபோனார். நடுவர் குழு போலீஸ்மீது குற்றம் சாட்ட மறுத்தது. அந்த வாசலில் அவரைத் தடுக்கும் பலகை எதுவும் இல்லை. வால்மார்ட் வேண்டுகோள் விடுத்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. பாராட்டு நாள் கொண்டாடியவர்களின் கையில் இருந்தபோது 'உரிமை' என்று வாசிக்கப்பட்ட அதே வடிவம், இந்த உடம்பின் கையில் 'ஆபத்து' என்று வாசிக்கப்பட்டது. 2016-இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல், தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்று போலீசிடம் தானே சொல்லியும் சுடப்பட்டார். தேசிய ரைபிள் சங்கம் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு அறிக்கை விட்டது. இதற்கு முன்கதை உண்டு. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கிகளோடு கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். அதே வருஷம் பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தடைசெய்யும் சட்டத்தில் ரீகன் கையெழுத்துப் போட்டார்.

ஆக, பலகையைப் பார்த்துக் கோபப்பட முடிவதே ஒரு சலுகை. அதுவரை அவர் உடம்பை எந்த வாசலும் நிறுத்தியதில்லை. முதல் தடவையாக நிறுத்தும்போது எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

நம்ம ஊர் டீக்கடைகளில் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. 'கடன் அன்பை முறிக்கும்', 'இங்கு அரசியல் பேசாதீர்.' கடன் கேட்கக்கூடியவர், அரசியல் பேசக்கூடியவர், அதாவது பெஞ்சில் உட்காரக்கூடியவர் விளிக்கப்படுகிறார். தனி டம்ளர் வைத்திருந்த எந்தக் கடையிலாவது 'உனக்கு இந்த டம்ளர்' என்று பலகை தொங்கியதுண்டா? தோளில் துண்டு போடாதே, செருப்போடு இந்தத் தெருவில் நடக்காதே என்று எங்கேயாவது ஒரு அங்குல எழுத்தில் எழுதியிருந்ததா? எழுதத் தேவையிருக்கவில்லை. எழுதியிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். எழுதாத தடைக்குச் சாட்சி கேட்பார்கள்.

இனி ஆயுதம். துப்பாக்கியை விட்டுவிடுவோம், அது நம் பக்கம் சொற்பம். நம் குறி அரிவாள். சோழவந்தான் கொடிக்காலிலும் வயலிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்கிற ஒருவர் கையில் அது இல்லாமல் இருக்க முடியாது. கதிரருவா வேறு, வெட்டருவா வேறு, வீச்சருவா வேறு என்று மக்களுக்குத் தெரியும். சட்டத்துக்கும் ஓரளவு தெரியும். ஆயுதச் சட்ட விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் எல்லாம் வருகின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்குமென்று செய்யப்பட்டவை நீங்கலாக. இந்த 'நீங்கலாக' என்ற ஒற்றைச் சொல்லில்தான் நம் கிராமத்தின் முழு அரசியலும் கிடக்கிறது. ஒரு இரும்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை இரும்பைப் பார்த்து மட்டுமா முடிவு செய்கிறார்கள்? பிடித்திருக்கும் கையையும் பார்த்துத்தான்.

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பெரிய அளவில் ரவுடி வேட்டை நடத்தியது. அதையொட்டி அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு ஒரு உத்தரவு போட்டார். அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைக்க வேண்டும், கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும், வீடு, விவசாயம் போன்ற காரியங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். திருப்பாச்சேத்தி போல அரிவாளால் பேர்பெற்ற ஊர் இருக்கிற வட்டாரத்தில் இந்த உத்தரவு எப்படி வாசிக்கப்பட்டது? எனக்குத் தெரிந்து யாரும் திறந்த கடிதம் எழுதவில்லை, பாராட்டு நாளும் கொண்டாடவில்லை. தென்னை மரம் ஏறுகிற ஒரு பெரியவரிடம் நான் கேட்டபோது, 'எழுதிக்கிட்டுப் போறாங்க தம்பி, நம்ம பேர எழுதாத நோட்டு எங்க இருக்கு' என்றார். எரிச்சல்கூட இல்லை அந்தக் குரலில். வாங்கிய அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவது அவருக்குப் பழக்கம்.

அந்தச் சலிப்புக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு உரிமம், ஐரோப்பியனுக்கு விலக்கு. குற்றப் பரம்பரைச் சட்டம் எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டமாக வந்து, கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையையே பதிவு செய்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மைக்காரன் ஆவேன். ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிலும் சிலர் இன்று எழுதாத தடைகளுக்குக் காவல் நிற்கிறார்கள். ஒடுக்கப்பட்ட ஞாபகம் தானாகவே யாரையும் நியாயவான் ஆக்கிவிடுவதில்லை.

1997 ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், பஸ்ஸை நிறுத்தி. உரிமம் தேவைப்படாத ஆயுதம் அது, அட்டவணையில் 'நீங்கலாக'. ஊராட்சி அலுவலக வாசலில் தலித்துகள் தலைவராக வரக் கூடாது என்று பலகை வைத்திருக்கவில்லை. தலைவர் பதவி தனித் தொகுதி என்று அரசு எழுதியிருந்தது. எழுதியதை எழுதாதது வெட்டியது.

நம் விவாதங்களில் பேசப்படாத ஒரு விதி உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, மூன்றாம் விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறியப்பட்ட இடத்தில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது போகும். ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் செய்யலாம். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம். வேலையாள், குடும்ப நண்பன் என்று நீட்டி எழுதியவருக்கு நம் கிராமம் தெரிந்திருக்கிறது. அங்கே ஆயுதம் தனி ஆளின் சொத்தாக இருப்பதில்லை.

இதன் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டு 'எங்களுக்கும் துப்பாக்கி கொடு' என்று கேட்கத் தோன்றும். தோழர்கள் சிலர் கேட்கவும் செய்கிறார்கள். அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபிலாண்டோ காஸ்டீலிடம் உரிமம் இருந்தது. உரிமம் காகிதத்தை மாற்றும். அந்த உடம்பை வாசிக்கும் கண்ணை மாற்றாது. எனக்கு முக்கியமாகப் படுவது விதியின் முதல் பகுதி, ரத்து செய்வது. ஆதிக்க சாதிக்காரரின் வாசலில் அரசே போய் முதல் தடவையாக ஒரு பலகையை மாட்டுகிற வேலை அது. அவர் கோபப்படட்டும், கடிதம் எழுதட்டும், கோர்ட்டுக்குப் போகட்டும். துப்பாக்கிக்காரர்கள் செய்ததையெல்லாம் செய்யட்டும்.

அதே விதிகளின்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். 1995-இலிருந்து மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் மூன்றாம் விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின, யாருடையவை, எத்தனை திருப்பிக் கொடுக்கப்பட்டன என்று அந்தக் கூட்டத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம். பதில் வந்தால் அடுத்த இதழில் அப்படியே அச்சிட வேண்டும். வராவிட்டால் மனுவின் தேதியையாவது.