மடிப்புக் குப்பியும் பழுப்புக் கண்ணாடியும்

டெவலப்பரைக் காற்றின் ஸ்பரிசத்திலிருந்து காப்பதற்கென்றே உண்டானது என்ற கீர்த்தியோடு விற்கப்படுவதும், துருத்தியைப் போல அமுக்கினால் சுருங்குவதுமான மடிப்புக் குப்பி ஒன்றை, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாள் முதலாக என் இருட்டறையில் வைத்துப் பரீட்சித்து வருகிறேன். அதன் கொள்ளளவும் விலையும் இத்தொழிலில் பழகியவர்கள் அறிந்தவையே. நான் சொல்ல விரும்புவது அதன் சுவரைப் பற்றித்தான்.

கோடாக் 1927-இல் வெளியிட்ட டி-76 கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம், பிலிமை டெவலப் செய்யும் பொருள்களான மெட்டாலையும் ஹைட்ரோகுயினோனையும் தாக்க வரும் பிராணவாயுவை அது தானே ஏற்றுக்கொண்டு சல்பேட்டாக மாறிவிடுகிறது என்பதே. ஒரு லிட்டர் காற்றிலுள்ள பிராணவாயு கால் கிராமுக்குச் சற்றே அதிகம். அதனால் அழியக்கூடிய சல்பைட் சுமார் இரண்டு கிராம். ஆகவே பாதி காலியான ஒரு லிட்டர்க் கண்ணாடிக் குப்பியை இறுக மூடி வைத்தால், உள்ளே அகப்பட்ட காற்று ஒரு கிராம் சல்பைட்டைத் தின்றதோடு தன் சக்தியை இழந்துவிடும். அஞ்ச வேண்டியது உள்ளே இருக்கும் காற்றையன்று, ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் காற்றைத்தான்.

மடிப்புக் குப்பியின் துர்ப்பாக்கியம் இங்கேதான் தொடங்குகிறது. மடங்க வேண்டும் என்பதற்காக அதை மென்மையான பாலிதீனால் செய்கிறார்கள். அந்தப் பாலிதீனோ, குடிநீர்ப் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைக் காட்டிலும் பல பத்து மடங்கு பிராணவாயுவை ஊடுருவ விடும் சுபாவமுடையது. மடிப்புகளோ சுவரின் பரப்பை மேலும் பெருக்குகின்றன. ஒருமுறை இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, இரவும் பகலும் வரும் காற்றுக்கு வாசல் திறந்து வைக்கும் ஏற்பாடு இது. போதாக்குறைக்கு, அமுக்கிய உடம்பு மீண்டும் விரிய முயன்று, மூடி சிறிது தளர்ந்திருந்தாலும் காற்றை உறிஞ்சுகிறது. மடிப்புகளின் இடுக்கில் தங்கும் படிவை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாததால், பழைய கரைசலின் எச்சம் புதியதையும் கெடுக்கிறது. இந்தக் கடைசிக் குறையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஒரே நாளில் கலந்து, ஒரே அலமாரியில் வைத்த கரைசலில், மடிப்புக் குப்பியில் இருந்தது பழுப்பேறிவிட, கண்ணாடியில் இருந்தது தெளிவாகவே நின்றது.

இவ்வளவு கவலை எதற்கு, வேண்டும்போது வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொட்டலத்திலுள்ள தூள்கள் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை என்பதால், பாதியை மட்டும் எடுத்துக் கரைப்பது தகாது. சென்னையிலிருந்து கப்பலில் வரும் பொட்டலத்தின் உறையில் ஊசித்துளை விழுந்தாலும், இந்தக் கடற்காற்றின் ஈரம் தூளைக் கட்டியாக்கிவிடும். 1996-இல் வந்த எக்ஸ்டால் என்னும் டெவலப்பரோ, ஐந்து லிட்டருக்குரிய பொட்டலமாக வருவது. கெட்ட பிறகும் நிறம் மாறாத இயல்புடைய அதைக் கண்ணை மட்டும் நம்பி உபயோகிக்கலாகாது. வெளிச்சம் பட்ட பிலிம் துண்டைக் கரைசலில் இட்டு, அது நன்றாகக் கறுக்கிறதா என்று பார்த்த பிறகே படச்சுருளை அதில் நனைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அக்கால அதிகாரி எம். வி. போர்ட்மன் இந்த அந்தமான் தீவுகளில் படமெடுத்த அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1891-இல், ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற ரோடினால் திரவத்தின் மீது எனக்குள்ள பக்தி இன்னும் குறையவில்லை. திறந்த குப்பியிலும் வருஷக்கணக்கில் வீரியம் குன்றாத அத்தகைய டெவலப்பர்கள் அபூர்வம். மற்றவற்றுக்கு, இருபது டிகிரியை மனத்தில் கொண்டு தயாரிப்பாளர்கள் அச்சிடும் ஆயுட்காலத்தை, முப்பதைத் தொடும் நம் அறைகளில் அப்படியே நம்பாமல், கலந்த அன்றே 250 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி, உள்ளே அடைப்புத் தகடு பொருந்திய மூடியால் இறுக்கி வைத்து, திறந்த குப்பியை அன்றே தீர்த்துவிடுவதுதான் என் அபிப்பிராயத்தில் உத்தமமான வழி. மடிப்புக் குப்பியில் இப்போது, பிராணவாயுவுக்கு அஞ்ச வேண்டாத அசெட்டிக் அமில ஸ்டாப் பாத்தை ஊற்றி வைத்திருக்கிறேன். அதற்குக் குப்பி போதுமானதாகவே இருக்கிறது.